5 ஆசிரியர், 8 வகுப்பு, 40 பாடவேளை: நடுநிலைப்பள்ளி கால அட்டவணை எங்கே இடிக்கிறது?

#1 · கணக்குநோட்டு

ஜூன் வந்தால் போன வருட அட்டவணையில் ஆண்டை மட்டும் மாற்றி, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். செயலி, ஸ்மார்ட் போர்டு, உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்று நிர்வாகத்தில் எத்தனையோ மாறிவிட்டது. அட்டவணையை மட்டும் யாரும் தொடுவதில்லை. இந்த இழையில் ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொண்டு கணக்காகவே பேசுவோம்.

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. 1 முதல் 3 வகுப்பில் 34 பேர், 4, 5-இல் 24 பேர், 6 முதல் 8 வரை 62 பேர். ஆக 120. தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் 5 பேர். 1–3 ('எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்ட வகுப்புகள்) ஒருவரிடம், 4–5 இன்னொருவரிடம், மேல் மூன்று வகுப்புகள் மீதி மூவரிடம்.

நேரம்: 9.10 வணக்கக் கூட்டம், 9.30 முதல் மணி. 40 நிமிடப் பாடவேளை 8. முற்பகலில் 10 நிமிட இடைவேளை, 12.20 முதல் 1.10 வரை உணவு, பிற்பகலில் 10 நிமிடம், 4.00-க்கு வீடு. வாரம் 40 பாடவேளை.

இதில் எதை மாற்றினால் வகுப்பறையில் வித்தியாசம் தெரியும்? "ஆசிரியர் போதவில்லை" என்ற பதில் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரியும்.

#2 · மணிக்கூண்டு

முதலில் மேல் மூன்று வகுப்பு. இடி விழுவது அங்கேதான்.

வாரத்துக்குத் தமிழ் 7, ஆங்கிலம் 7, கணிதம் 7, அறிவியல் 7, சமூக அறிவியல் 6. ஒரு வகுப்புக்கு 34. மீதி 6-இல் உடற்கல்வி 2, ஓவியம், கணினி, நூலகம், மன்றம் தலா 1. மூன்று வகுப்புக்கும் சேர்த்து 120 பாடவேளை, ஆசிரியர் மூவர், ஆளுக்கு 40. அதாவது தலைமையாசிரியர் உட்பட யாருக்கும் வாரத்தில் ஒரு ஓய்வுப் பாடவேளைகூட இல்லை.

பாடப் பிரிப்பைப் பாருங்கள். வழக்கமாகக் கணிதமும் அறிவியலும் ஒருவர் தலையில் விழும். 7 + 7 = 14, மூன்று வகுப்புக்கு 42. வாரத்தில் இருப்பதே 40! இந்த அட்டவணை காகிதத்திலேயே நடக்காது. ஆனாலும் பல பள்ளிகளில் இதுதான் சுவரில் தொங்குகிறது. எப்படி என்றால், 8-ஆம் வகுப்பு அறிவியலில் இரண்டு பாடவேளையைச் சத்தமில்லாமல் 'மன்றம்' ஆக்கிவிடுவார்கள்.

பிரித்துப் போட ஒரு வழி:

முதல் ஆசிரியர்: தமிழ் 21 (6, 7, 8), சமூகம் 12 (7, 8) – 33.
இரண்டாமவர்: ஆங்கிலம் 21, 6-ஆம் வகுப்பு அறிவியல் 7, 6-ஆம் வகுப்பு சமூகம் 6 – 34.
மூன்றாமவர்: கணிதம் 21, அறிவியல் 14 (7, 8) – 35.

கூட்டினால் 102. மீதி 18 பாடவேளைகள் உடற்கல்வி, ஓவியம் முதலானவை. அவற்றை வகுப்புவாரியாக நடத்தாமல் மூன்று வகுப்பையும் சேர்த்து நடத்தினால் 18 வெறும் 6 ஆகும். முதலாமவர் 3, இரண்டாமவர் 2, மூன்றாமவர் 1 எடுத்தால் மூவருக்கும் சமமாக 36. ஆளுக்கு 4 ஓய்வுப் பாடவேளை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மற்ற 34 நேரத்திலும் மூன்று வகுப்பும் மூன்று பேரையும் பிடித்து வைத்திருக்கும். ஆகவே இந்த ஊரில் ஓய்வுப் பாடவேளை என்பது வகுப்பைச் சேர்க்கும் இடத்தில் மட்டும்தான் பிறக்கும். அந்த 6 கட்டத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் அட்டவணை. மற்றதெல்லாம் நிரப்புவதுதான்.

#3 · பாய்விரி

6-ஆம் வகுப்பு அறிவியலை ஆங்கில ஆசிரியரிடம் கொடுப்பது சரியாப் படல. கணக்குக்கு அழகு, பிள்ளைக்கு அழகில்லை. சமூகத்தைக் கொடுங்க, அறிவியலைத் தொடாதீங்க.

#4 · மணிக்கூண்டு

> அறிவியலைத் தொடாதீங்க

தொடாவிட்டால் மூன்றாமவருக்கு 42. வேறு வழி இருந்தால் எண்ணோடு சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே மாற்று, அறிவியலை 6-ஆக இறக்கி 18 ஆக்குவது. அப்போதும் 39 வருகிறது, சேர்ந்த வகுப்பில் அவருக்குப் பங்கு கிடையாது, ஓய்வு ஒன்றே ஒன்று. அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் பள்ளியே ஆடும். 6-ஆம் வகுப்பு அறிவியலின் செய்முறைப் பகுதியை மட்டும் மூன்றாமவர் இரு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, அந்த நேரத்துக்கு அவர் வகுப்பில் ஆங்கிலம் நடக்கட்டும். பாடவேளை மாற்றுக்கு மாற்று, எண்ணிக்கை கூடாது.

#5 · பாய்விரி

இது பரவாயில்லை. ஆனா அந்த மாற்று அட்டவணையில எழுதி இருக்கணும். "நேரம் கிடைக்கும்போது" என்றால் ஆண்டுத் தேர்வு வரைக்கும் கிடைக்காது.

#6 · பழைய_பதிவேடு

பகுதிநேர ஆசிரியரை மறந்துவிட்டீர்களே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 6–8 வகுப்புகளில் மாணவர் 100-ஐத் தாண்டினால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர். 62 பேருக்குக் கிடையாது.

அதே அட்டவணையில் இன்னொரு எண் இருக்கிறது. 1–5 வகுப்பில் 60 பேர் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர். நீங்கள் சொன்ன பள்ளியில் 58. மூன்று பிள்ளைகள் கூடினால் மூன்றாவது பணியிடம் கேட்கலாம். பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்து நடக்கிறது. அந்த எண் எமிஸிலிருந்து, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவிலிருந்து போகிறது.

இங்கேதான் எமிஸ் வேலையைச் சும்மா 'டேட்டா என்ட்ரி' என்று தள்ளுவது வினையாகிறது. இன்னொரு பள்ளியிலிருந்து வந்த பிள்ளை ஜூனிலேயே உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பழைய பள்ளி மாறுதல் சான்றிதழை எமிஸில் போட்டு விடுவிக்கவில்லை என்றால் அதன் பெயர் அங்கேயே நிற்கும், பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுத் தொகுப்புக்கு வராது. பொறுமை இழந்து புதிய பதிவு போட்டால் இரட்டைப் பதிவு, பிறகு அதை நீக்க அலைய வேண்டும். நடைமுறை இதுதான்:

சேர்க்கை அன்றே பழைய பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணையும் (பள்ளியின் அடையாள எண்) பிள்ளையின் எமிஸ் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வேலை நாளில் பொதுத் தொகுப்பில் தேடுங்கள். இல்லை என்றால் அந்தத் தலைமையாசிரியரை நேரே கூப்பிடுங்கள், கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குமேல் இழுத்தால் வட்டாரக் கல்வி அலுவலகம். ஜூலை 20-க்குள் கைப்பதிவேட்டின் எண்ணிக்கையும் எமிஸ் எண்ணிக்கையும் வகுப்புவாரியாக ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். பாடநூல் தேவையும் இதே எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது.

#7 · கணக்குநோட்டு

ஆசிரியர் போதவில்லை என்று சொல்லாதீர்கள் என்றேன், நீங்கள் ஆசிரியரை வாங்கும் வழியையே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

சரி, வகுப்பு நேரத்துக்கு வருவோம். 220 நாள், நாளுக்கு 320 நிமிடம். 70,400 நிமிடம், அதாவது 1,173 மணி. மேல் வகுப்புகளுக்குச் சட்டம் கேட்பது 1,000. காகிதத்தில் தாராளம்தான். உண்மையில் எவ்வளவு?

#8 · மணிக்கூண்டு

ஒழுகும் இடங்கள் நான்கு. காலை வருகைப் பதிவும் வணக்கக் கூட்டம் நீள்வதும் 15 நிமிடம். முதல் இடைவேளைக்குப் பின் 5. உணவுக்குப் பின் 10. பிற்பகல் இடைவேளைக்குப் பின் 5. குறைவாகத்தான் வைத்திருக்கிறேன். நாளுக்கு 35 நிமிடம், 220 நாளைக்கு 7,700 நிமிடம், 128 மணி. 320-ஆல் வகுத்தால் 24 முழுப் பள்ளி நாள். ஒரு மாதத்துக்கு மேல் பள்ளியே நடக்காத கணக்கு.

மணி அடிப்பதை ஒழுங்காக்கினால் இது சரியாகும் என்று நினைத்தால் தவறு.

#9 · குழாயடி

உணவுக்குப் பின் போகும் அந்த 10 நிமிடம் மணிப் பிரச்சினை இல்லை, பிளம்பிங் பிரச்சினை.

ஒரு பிள்ளை சாப்பாட்டுக்கு முன் கை கழுவ 20 விநாடி. சாப்பிட்டு முடித்துத் தட்டும் வாயும் கையும் கழுவ 40 விநாடி. ஆக ஒரு பிள்ளைக்குக் குழாய் நேரம் 1 நிமிடம். 120 பிள்ளைக்கு 120 குழாய்-நிமிடம். பள்ளியில் 4 குழாய் இருக்கும், 2 வேலை செய்யும். 120-ஐ இரண்டால் வகுத்தால் 60 நிமிடம். உணவு இடைவேளையே 50 நிமிடம்தான். கடைசியில் நிற்கும் பிள்ளைகள் தாமதமாக வரத்தான் செய்யும், அவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டு என்ன பயன்? 4 குழாயும் ஓடினால் 30 நிமிடம். 8 இருந்தால் 15.

8 குழாய் வரிசை போடுவது எப்படி:

1 அங்குல பிவிசி குழாய், அதில் அரை அங்குலத் திருகுக் குழாய் 8. இடைவெளி ஒன்றரை அடி, மொத்த நீளம் பத்தரை அடி, இரு முனையிலும் அரை அடி விட்டால் 12 அடிச் சுவர் போதும். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். 3 குழாய் 2 அடி உயரத்தில், 5 குழாய் இரண்டரை அடியில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டரை அடிக் குழாயில் தட்டைத் தூக்கிப் பிடித்தால் சட்டை முழுக்க சாம்பார்தான்.

தண்ணீரை ஒரு முனையில் கொடுத்தால் எட்டும் ஒன்றாகத் திறக்கும்போது கடைசி இரண்டில் நூலாக வடியும். நடுவில் கொடுங்கள், முடிந்தால் இரண்டு முனையிலும். நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கேட் வால்வு. ஒரு குழாய் உடைந்தால் முழு வரிசையும் நிற்காது. இதைச் செய்யாததால்தான் பல பள்ளிகளில் ஒரு வாஷர் போனதும் எல்லாமே மூடிக் கிடக்கிறது.

அடைப்புக்குக் காரணம் சோறு. கால்வாய்க்கு முன்பே ஒரு வாளி வைத்து மீதத்தைத் தட்ட வேண்டும், பிறகுதான் கழுவ வேண்டும். கால்வாய் முனையில் கம்பிவலைக் கூடை. அதை ஒவ்வொரு நாளும் கொட்ட வேண்டும், யார் கொட்டுவது என்று எழுதி வைக்க வேண்டும். வலை இல்லாமல் போட்ட கால்வாய் ஒரே மாதத்தில் நாறும், பிறகு பிள்ளைகள் பழைய அடிகுழாய்க்கே போய்விடுவார்கள்.

தட்டுக்கும் கைக்கும் ஒரு பிள்ளைக்கு 2 லிட்டர் வைத்தால் நாளுக்கு 240 லிட்டர். 500 லிட்டர் தொட்டி போதும், ஆனால் கழிப்பறைத் தொட்டியோடு இணைக்காதீர்கள். இணைத்தால் 1 மணிக்குத் தொட்டி காலி, பிற்பகல் இடைவேளையில் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது.

#10 · பழைய_பதிவேடு

பணம்: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 101 முதல் 250 மாணவர் வரை ஆண்டுக்கு ரூ.50,000. 100-க்குக் கீழே இறங்கினால் ரூ.25,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்பது விதி. குழாய் வரிசை அதற்குள் நேராக வரும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, குழுத் தலைவர், தலைமையாசிரியர் இருவர் ஒப்புதலோடு எடுங்கள். 'பராமரிப்பு' என்று பொதுவாக எழுதாமல் குழாய் எண்ணிக்கை, நீளம், வால்வு என்று எழுதுங்கள். தணிக்கையில் கேள்வி வருவது எப்போதும் பொதுவாக எழுதிய வரியில்தான்.

#11 · தூண்டில்

கால அட்டவணை என்று தலைப்பு போட்டுவிட்டு வாஷர் வரைக்கும் வந்தாச்சு :) இதெல்லாம் அட்டவணையா?

#12 · குழாயடி

5-ஆம் பாடவேளை 1.10-க்குத் தொடங்க வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. 1.10-க்குப் பிள்ளை தட்டோடு குழாயடியில் நிற்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதில் என்ன தப்பு?

கழிப்பறைக்கும் இதே கணக்குதான். 120-இல் பெண் பிள்ளைகள் 60 என்று வைத்துக்கொள்வோம். கழிப்பறை 2. ஆளுக்கு 1 நிமிடம் வைத்தாலும் 30 நிமிடம். இடைவேளை 10 நிமிடம். இதில் மூன்றில் இரண்டு பேர் போக முடியாது, பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் பழக்கம் 2019-இல் கேரளத்தில் பரவியது, நம் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நல்லதுதான், ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்ற கணக்கு இல்லாமல் அந்த மணியை அடித்துப் பயன் இல்லை.

பிரித்து விடுங்கள். 1–3 வகுப்பு 10.30-க்கு, 4–5 வகுப்பு 10.40-க்கு, மேல் வகுப்பு 10.50-க்கு. மேல் வகுப்பில் பெண்கள் 31 என்றால் 2 கழிப்பறைக்கு 15 நிமிடத்துக்கு மேல். ஆகவே அவர்களுக்கு இடைவேளை 15 ஆகட்டும், உணவு இடைவேளையில் 5 குறையட்டும். 8 குழாய் வந்தபின் 45 நிமிடம் போதும்.

#13 · பாய்விரி

1–3க்குத் தனி நேரம் என்பது ரொம்ப எளிது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் மணிக்கு மணி பாடம் மாற்றும் வேலையே இல்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியா உட்கார்ந்து வேலை செய்யுது. நடுவுல 40 நிமிட மணி அடிச்சா அத்தனையும் கலையும், பாதியில போட்ட அட்டை தரையில கிடக்கும். அந்த வகுப்புக்கு மணியே கேட்க வேண்டாம். ஆசிரியர் கண்ணுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் போதும்.

உணவுக்கும் 1–3ஐ 12.10-க்கு விட்டா 12.35-க்குள்ள முடிச்சிரும். பெரிய பிள்ளைங்க வரும்போது வரிசையில சின்னது நசுங்காது. பரிமாறும் இடத்துல ஒரு வரிசைன்னா தலைக்கு 10 விநாடி, 120 பேருக்கு 20 நிமிஷம். 1–3 முன்னாடியே போனா மீதி 86 பேர், பதினாலரை நிமிஷம்.

4–5 சேர்ந்த வகுப்புக்கு ஒரு விதி: ஒரு பக்கம் வாய், மறுபக்கம் கை. நாலாம் வகுப்பு தமிழ் வாசிச்சா அஞ்சாம் வகுப்பு கணக்கு எழுதணும். ரெண்டுக்கும் ஒரே நேரத்துல புதுப் பாடம் தொடங்கினா ரெண்டும் போச்சு. 40 நிமிஷத்தை 20–20 ஆக உடைச்சு மாத்துங்க. எழுதுற பக்கத்துக்கு வேலை பாடம் தொடங்குறதுக்கு முன்னாடியே பலகையில இருக்கணும். எதிரெதிர் சுவர்ல ஒவ்வொரு பலகை, பிள்ளைங்க முதுகோட முதுகு. பக்கத்துப் பக்கத்துல பலகை வச்சா எழுத வேண்டிய கண்ணு வாசிக்கிற பக்கம் போகும்.

#14 · தூண்டில்

அப்படியே 'ப' வடிவத்தில் உட்கார வைத்தால் என்ன? 2025-இல் அதைப் பற்றி ஊரே பேசியதே.

#15 · மணிக்கூண்டு

20-க்கு 20 அடி அறை. பலகைப் பக்கமும் வாசலும் போக மூன்று பக்கமும் தலா 14 அடி கிடைக்கும். 42 அடி. ஆளுக்கு ஒன்றரை அடி, 28 பேர். மூலையில் இருவர் போவார்கள், 26 என்று வையுங்கள். இந்தப் பள்ளியில் மேல் வகுப்புகள் 20, 21 பேர்தான், அடங்கும். 40 பேர் உள்ள வகுப்பில் இரட்டை வரிசை போட வேண்டும், அதோடு 'ப'வின் பயன் போய்விடும்.

பக்கவாட்டில் உட்கார்ந்தவர் பலகையைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டும். கழுத்துவலி, பார்வை என்று எழுந்த ஆட்சேபம் நியாயமானது. பெஞ்சை அறைச் சுவருக்கு இணையாகப் போடாமல் பின்முனையை 2 அடி உள்ளே இழுத்து லேசாகச் சாய்த்துப் போட்டால் பாதி சரியாகும். வாரம் ஒருமுறை பக்கத்தை மாற்ற வேண்டும். பலகையில் நிறைய எழுதும் கணிதத்துக்கு 'ப' வேண்டாம். மொழிக்கும் சமூகத்துக்கும் நன்றாக இருக்கும். ஒரே வடிவத்தை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

செயல்வழிக் கற்றல் காலத்தில், 2007-ஐ ஒட்டி, கீழ்மட்டக் கரும்பலகையும் பாயும் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போயின. இருக்கையை மாற்றுவது நமக்குப் புதிதே இல்லை. அந்தப் பலகைகளில் பாதி இன்றும் அலமாரிக்குப் பின்னால்தான் மறைந்து கிடக்கும். அலமாரியை நகர்த்துங்கள், செலவில்லாத மாற்றம்.

#16 · யாழ்வாசகர்

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே பாடசாலை 7.30 முதல் 1.30 வரை, 40 நிமிடப் பாடவேளை 8 என்பதுதான் நெடுங்கால வழக்கம். உங்களுடைய அதே 320 நிமிடம். ஆனால் இடைவேளை ஒன்றே ஒன்று, 20 நிமிடம். நேரம் சிந்துகிற இடமும் காலை ஒன்று, நடுவில் ஒன்று, அவ்வளவுதான். நேரசூசியில் (கால அட்டவணையில்) ஒவ்வொரு இடைவேளையும் ஒரு ஓட்டை என்று பார்த்தால் உங்களிடம் ஓட்டை கூட. அதற்காகக் குறைக்கச் சொல்லவில்லை, 4 மணி வரை பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள், இடைவேளை வேண்டும்தான். இடைவேளை முடிந்து வரும் பாடவேளையில் எந்தப் பாடம் என்பதைப் பாருங்கள். இங்கே அனுபவமுள்ள பிரதி அதிபர்கள் (துணைத் தலைமையாசிரியர்கள்) கணிதத்தை அந்த இடத்தில் போடுவதில்லை.

#17 · கணக்குநோட்டு

இது முக்கியமான குறிப்பு. 1, 3, 5, 7 ஆகிய நான்கும் 'ஓட்டைப் பாடவேளைகள்'. ஒரு வகுப்புக்குக் கணிதம் வாரம் 7. அது 2, 4, 6-இல் விழ வேண்டும். 6-ஆம் வகுப்புக்கு 2-ஆவது, 7-ஆம் வகுப்புக்கு 4-ஆவது, 8-ஆம் வகுப்புக்கு 6-ஆவது பாடவேளை என்று ஒதுக்கினால் ஆசிரியர் மோதலும் இல்லை. வாரம் 5 இப்படி முடியும், மீதி 2 மட்டும் வேறிடம்.

விடுப்பு நாளுக்கு என்ன செய்வது? ஆளுக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12. ஐவருக்கு 60. வெவ்வேறு நாளில் விழுந்தால் 220 நாளில் 60, நான்கில் ஒரு நாளுக்கும் மேல். குறுவள மையப் பயிற்சி, தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் தனி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே தேர்தலையும் கணக்கெடுப்பையும் பேரிடர்ப் பணியையும் அனுமதிக்கிறது, தப்பிக்க முடியாது.

#18 · மணிக்கூண்டு

அன்று காலை 9.25-க்கு உட்கார்ந்து யோசிப்பதுதான் தப்பு. ஜூனிலேயே 5 தாள் எழுதி வையுங்கள், "இவர் இல்லாத நாள்" என்று ஆளுக்கு ஒன்று. இருவர் இல்லாத சேர்க்கைகள் 10 வரும், அத்தனையும் எழுத வேண்டாம். மேல் வகுப்பு மூவரில் இருவர் இல்லாத 3 சேர்க்கைகள் மட்டும் போதும். ஆக 8 தாள், கோப்பில் போட்டுத் தலைமையாசிரியர் மேசையில்.

ஆள் இல்லாத வகுப்புக்கு ஒரு பெட்டி. வகுப்புக்கு ஒன்று, பாடத்துக்கு ஓர் உறை, உறையில் 40 நிமிட வேலைத்தாள் 6 வகை. பின்பக்கம் விடை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் தொடக்கத்தில் 3 நிமிடம் வந்து கொடுக்க வேண்டும், கடைசி 7 நிமிடம் வந்து விடையைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளே திருத்த வைக்க வேண்டும். இந்த 7 நிமிடத்தை விட்டால் முதல் தடவை செய்வார்கள், இரண்டாம் தடவை பாதி செய்வார்கள், மூன்றாம் தடவை தாளில் விமானம்தான்.

#19 · பழைய_பதிவேடு

காலை 15 நிமிடத்துக்கு வருகிறேன். வகுப்பில் நுழைந்து, செல்போனை எடுத்து, நெட் சுற்றச் சுற்ற நின்று, வருகை ஏற்றிவிட்டுப் பாடம் தொடங்குவதுதான் இப்போது நடப்பது. வணக்கக் கூட்ட வரிசையிலேயே வகுப்புத் தலைவர் வராதவர் எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் தலையை எண்ணிச் சரிபார்த்து, கலைவதற்கு முன்பே பதிந்துவிடலாம். சிக்னல் இல்லையா, சீட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள், மணி இடைவெளியில் ஏற்றலாம். வராதவரைப் பதிவது சுலபம், 21 பேரில் இருவர்தான். "வந்தவர் யார்" என்று 21 பெயரைக் கூப்பிடுவது பழைய பதிவேட்டுப் பழக்கம், அதை ஏன் செயலிக்கும் கொண்டுபோகிறோம்?

தாமதமாக வரும் பிள்ளைக்கு 9.45-க்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான்.

காலை உணவு 1–5க்கு மட்டும். 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபின் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள், கூடவே 6, 7 படிக்கும் அக்காவும் அண்ணனும். அவர்களுக்கு அங்கே வேலை இல்லை, கேட்டருகே நிற்பார்கள். நூலக அலமாரியை 8.45-க்கே திறந்துவிடுங்கள்.

#20 · கணக்குநோட்டு

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மேல் வகுப்புகளின் 6 சேர்ந்த பாடவேளைகள்: செவ்வாய் முதல் வெள்ளி வரை 8-ஆம் பாடவேளை (உடற்கல்வி 2, ஓவியம், மன்றம்), புதன் 7-ஆவது கணினி, திங்கள் முதல் பாடவேளை நூலகம். திங்கள் காலை மூவரில் இருவர் ஓய்வு, வாரத் திட்டமும் எமிஸ் மீதியும் அப்போதே முடியும். தலைமையாசிரியரின் கூட்டங்கள் பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் அவருடைய ஓய்வை 8-ஆவதில் மூன்று, திங்கள் காலை ஒன்று என்று வைத்தேன். அவர் இரண்டாம் ஆசிரியர் என்று கொண்டால் சேர்ந்த வகுப்பில் அவர் பங்கு 2, ஒன்று புதன் 7, இன்னொன்று வெள்ளி 8.

1–5க்கு: செவ்வாயும் வியாழனும் 7-ஆம் பாடவேளையில் 58 பேரையும் சேர்த்துக் கதையும் விளையாட்டும். ஒருநாள் ஒருவர், மறுநாள் மற்றவர். இருவருக்கும் வாரம் ஒரு பாடவேளை மூச்சு விட நேரம்.

#21 · பாய்விரி

ரெண்டு இடத்துல இடிக்குது.

புதன் 7 கணினி, 62 பேரை ஒரே ஆய்வகத்துல விட முடியாது. கணினியை மூணு வாரச் சுழற்சியா வைங்க. இந்த வாரம் 6-ஆம் வகுப்பு ஆய்வகத்துல, 7-உம் 8-உம் பக்கத்து அறையில வேலைத்தாள். ஒருத்தர் ரெண்டு அறையையும் பார்க்க முடியாது, அதனால அன்னைக்கு ரெண்டு பேர் வேணும். யாரோ ஒருத்தருக்கு ஓய்வு 4 இல்ல, 3.

திங்கள் காலை நூலகத்துக்கு 62 பேருக்கு 62 புத்தகம் பத்தாது, மாத்திக்க 20 கூட வேணும். பழைய 'தேன்சிட்டு' இதழ்களைச் சேர்த்து வச்சா அது ஒண்ணே 40 தேறும்.

#22 · கணக்குநோட்டு

சரி. அந்த இரண்டாவது ஆள் முதல் ஆசிரியரா மூன்றாமவரா? முதலாமவருக்கு ஏற்கெனவே சேர்ந்த வகுப்பு 3.

#23 · மணிக்கூண்டு

மூன்றாமவர். அவருக்குச் சேர்ந்த வகுப்பு ஒன்றுதான். அவர் 37, மற்ற இருவர் 36. புதன் 6-இல் 8-ஆம் வகுப்புக் கணிதம் அவருக்கு இருக்கிறது. 6 முடிந்து பிற்பகல் இடைவேளை, அதனால் ஆய்வகத்தைத் திறந்து கணினிகளைப் போட 10 நிமிடம் அவருக்குக் கிடைக்கும். யுபிஎஸ் பேட்டரியை ஜூனிலேயே பார்த்துவிடுங்கள், கோடை விடுமுறை முழுக்க சார்ஜ் இல்லாமல் கிடந்தது பெரும்பாலும் நிற்காது.